இசைத்தட்டுக்கு இட்ட சந்தனம்

கையைக் கழுவித் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன், என் அருமை மரகதம் அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. சானடோரியம் ஸ்டேஷனை ஒட்டிய நம் வீட்டில் எல்லாரும் சுகம். தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வாசல் முதல் சாமி அறை வரை தூசி. இதைப் படித்ததும் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "தட்டையெல்லாம் மூடி வச்சிருக்கியா அம்சா?" என்பீர்கள். மூடித்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் உள்ளே ஒரு புதுக் காகித உறை, வெளியே ஒரு கண்ணாடித்தாள் உறை. உங்கள் அலமாரியைத் திறந்தால் பழைய அட்டை வாசனை இன்னும் அப்படியே வருகிறது.

உங்கள் தம்பிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எங்கள் பெண் கவிதா சிறுசேரி கம்பெனிக்குப் போய்வருகிறாள், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. நான் எப்போதும் போலத்தான். விளக்கேற்றுகிறேன், சமைக்கிறேன், சுவாதி நட்சத்திரத்தன்று சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் நரசிம்மரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இதெல்லாம் சேதி. ஆனால் இந்தக் கடிதம் சேதிக்காக இல்லை அண்ணி. உங்கள் அப்பாவின் முருகன் பாட்டுத் தட்டைக் கெடுத்தது உங்கள் தம்பி இல்லை. நான்தான். நாற்பது வருஷமாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நாலு பேர் படிக்கும்படி அச்சுக்கும் கொடுக்கிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? நான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது நீங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைவிட ஆறு வயது பெரியவர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கிக் கூடத்தில் வைத்திருந்தீர்கள். எங்கள் ஊரில் மைக் செட்டுக்காரரிடம் மட்டும்தான் நான் அதைப் பார்த்திருந்தேன். ஒரு வீட்டுக்குள், அதுவும் ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக, அப்படி ஒரு பெட்டி இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஞாபகம் இருக்கிறதா? தலைக்குக் குளித்து, முடியைத் துண்டில் முடிந்துகொண்டு வருவீர்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவீர்கள். உறையிலிருந்து தட்டை எடுக்கும்போது இரண்டு உள்ளங்கையும் விளிம்பில் மட்டும் படும், கறுப்பில் ஒரு விரல் பட்டுவிடக் கூடாது. பழைய நீல வெல்வெட் ரவிக்கைத் துணியை ஒரு கட்டையில் சுற்றித் தைத்து வைத்திருந்தீர்களே, அதைத் தட்டின்மேல் லேசாக வைத்து, தட்டு சுற்றச் சுற்றத் தூசியை வாரி எடுப்பீர்கள்.

எங்கள் யாருக்கும் அப்போது பேச அனுமதி இல்லை. அத்தை அடுப்படியில் தாளிப்பைக்கூடத் தள்ளிப்போடுவார். ரயில் நேரமும் உங்களுக்கு மனப்பாடம். எக்ஸ்பிரஸ் வண்டி கடந்தால் தரை அதிர்ந்து முள் துள்ளும் என்பதற்காக, வண்டி போய் முடிந்த பிறகுதான் முள் மாட்டிய பெட்டியின் கையை எடுத்துத் தட்டில் வைப்பீர்கள். முதலில் ஒரு சின்னக் கரகரப்பு. அப்புறம் பாட்டு. அந்தக் கரகரப்புக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் அமைதி இருக்கிறதே, அதில் நான் பலமுறை கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறேன். கோயிலில் திரை விலகப் போகும் நேரம் போல இருக்கும் எனக்கு.

நடுவில் பெரிய ஓட்டை உள்ள சின்னத் தட்டுகளுக்கு மாட்டும் மஞ்சள் வில்லையை, தொலைந்துபோகாமல் இருக்கத் திருநீற்றுச் சம்புடத்தில் போட்டு வைத்திருந்தீர்கள். விவரம் தெரியாத நான் ஒருநாள் அதை உற்றுப் பார்த்து, "இது எந்தக் கோயில் பிரசாதம் அண்ணி?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் அத்தை உள்ளேயிருந்து ஓடி வந்தார். அதுதான் நீங்கள் என்னோடு முதன்முதலாகச் சிரித்தது.

அந்த முருகன் தட்டு மட்டும் தனி. நான் வருவதற்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்த உங்கள் அப்பா, படுக்கையில் கிடந்த ஆறு மாதமும் அதைத்தான் போடச் சொல்லிக் கேட்டாராம். கோவிலம்பாக்கத்தில் ஏர் ஓட்டிய மனுஷர். மூன்றாவது பாட்டு வந்தால் மட்டும் படுத்தபடியே கையைக் கூப்புவாராம். அதை நீங்கள் எனக்குச் சொன்னபோது உங்கள் குரல் எப்படி இருந்தது என்பது இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்குக் கல்யாணமான நாலாம் மாதம் ஆயுத பூஜை வந்தது. உங்களுக்கு அன்றைக்கும் டூட்டி. வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைக்கும் வேலையை அத்தை என்னிடம் விட்டார். அரிவாள்மனை, மண்வெட்டி, தையல் மெஷின், உங்கள் தம்பியின் சைக்கிள், ஒன்றையும் விடவில்லை. உங்கள் ரெக்கார்டு பிளேயர் மூடிக்கும் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பாடுவது பெட்டி இல்லையே, தட்டுதானே என்று தோன்றிவிட்டது எனக்கு. அதிலும் சாமி பாடும் தட்டு. உறையிலிருந்து மெதுவாக எடுத்தேன், உங்களைப் போலவே விளிம்பைப் பிடித்துத்தான் எடுத்தேன். வெளிச்சத்தில் அது எண்ணெய்க்காப்பு முடிந்த மூலவர் மாதிரி கறுகறுவென்று மின்னியது. நடுவில் இருந்த காகிதத்தில் வைத்தால் ஈரத்தில் ஊறிவிடும் என்று யோசித்து, அந்தக் கறுப்பின் மேலேயே மூன்று இடத்தில் சந்தனம் வைத்தேன். சந்தனத்தின்மேல் குங்குமம். கற்பூரம் காட்டினேன். அவ்வளவு அழகாக இருந்தது அண்ணி, சத்தியமாக.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது இல்லையா? மறுநாள் எடுக்கும்போது சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பை நனைத்துத் துடைத்தேன். கரைந்தது, ஆனால் கரைந்தது எல்லாம் கோடுகளுக்குள் இறங்கிவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் கெட்டியாக நின்றது. அதை நகத்தால் சுரண்டினேன். அப்புறம் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. உறையில் போட்டு இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உங்கள் தம்பி ஒரு சிநேகிதரைக் கூட்டிவந்து பெட்டியைத் திறந்தார். வழியில் வாங்கிய பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கையைக்கூடக் கழுவவில்லை. முருகன் தட்டைப் போட்டார். முள்ளைப் பொத்தென்று விட்டார். மூன்றாவது பாட்டில் அது குதித்து, குதித்து, ஒரே அடியை ஆறேழு தரம் பாடியது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தன்னால்தான் என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. வீடு நிறைய சொந்தக்காரர்கள். நீங்கள் அதே தட்டைப் போட்டீர்கள்.

"டேய் தேவா! யாருடா தொட்டது இத்த?"

"நான்தான்கா. சும்மா, ஒரு தபா..."

"இன்னாடா இது, எண்ணெ? கைய கழுவுனியா நீ?"

"பஜ்ஜி துன்னேன். தொடைச்சிகினுதான்கா தொட்டேன்..."

"அப்பா கேட்ட தட்டுடா. பஜ்ஜி தின்ன கையோட தொட்டியா? இனிமே இந்தப் பொட்டி பக்கம் வந்தே, கைய ஒடிச்சி அடுப்புல வச்சிடுவேன்!"

நான் அடுப்படி வாசலில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. தை பிறக்கும்வரை நீங்கள் அவரோடு பேசவில்லை. பேசிய பிறகும் பெட்டியை அவர் தொடவில்லை, அன்றிலிருந்து ஒருநாளும் தொடவில்லை.

என்னைத்தான் கூப்பிட்டீர்கள். "இந்த வூட்டுல சுத்தமான கை உன்னுதுதான் அம்சா, வா, கத்துக்கோ" என்றீர்கள். முள்ளை முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது, பின்னாலிருந்து முன்னால் மட்டும்தான் துடைக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினீர்கள். ஒரு முள் இத்தனை மணி நேரம்தான் ஓடும் என்பதால், ஓட்டிய ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோடு போடும் நோட்டை என்னிடம் கொடுத்தீர்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, தட்டு உறைகளை வைத்துத்தான் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டவே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், அவர் வெளியே திட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கேட்பார்.

முதல் நாலு மாதம் நான் வாயைத் திறக்காதது பயத்தால். அதற்கப்புறம் திறக்காதது, அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனதால். இதை எழுதக் கை கூசுகிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சாமியிடம் சொல்லி அழுதிருக்கிறேன். சாமிக்குச் சொன்னால் போதும் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லையா?

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கல்யாணமோ காதுகுத்தோ, அவர் ஒரு பாத்திரத்தைத் தூக்கினால் போதும், "இன்னா மச்சான், கைய கழுவிகினியா?" என்று ஒரு குரல் வரும். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கவிதாவின் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போதுகூட யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன் அண்ணி.

இனி இந்த வருஷக் கதை. உங்கள் வருஷத் திதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கவிதா கேட்டாள். "அப்பா, அத்தைக்கு திதி அன்னிக்கு அந்த முருகர் ரெக்கார்ட போடலாமா? அத்தை அத போட்டு நான் கேட்டதே இல்லப்பா."

உங்கள் தம்பி பேப்பரை மடித்தார். "அது வேணாம்மா. வேற எத்தயாவது போடு."

"ஏன்ப்பா?"

"அது எங்கப்பாவோட தட்டு. நான் நாசம் பண்ணது. அக்கா திதில அத்த போட்டு அக்கா மனச நோவடிக்கணுமா?"

எழுபதை நெருங்கும் மனுஷர் அண்ணி. இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள். தட்டைச் சுத்தம் பண்ணிப் பாட வைத்துவிட்டால், அவர் பாரமும் இறங்கிவிடும், என் குட்டும் வெளியே வராது என்றுதான் தோன்றியது.

மறுநாளே செல்போனில் பார்க்க ஆரம்பித்தேன். இசைத்தட்டு கழுவுவதைப் பற்றி உலகத்தில் இத்தனை பேர் பேசுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? பாதி புரியும், மீதியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். வேண்டியதைச் சொன்னால் கவிதா வரவழைத்துத் தருவாள். "அம்மா, நீ என்ன ஸ்டூடியோ ஆரம்பிக்கப் போறியா?" என்று கேலி வேறு.

உங்களுக்குக் காட்ட வேண்டும் போல இருக்கிறது ஒவ்வொன்றையும். மயிரைவிட மெல்லிய கரி இழைகளால் ஆன ஒரு பிரஷ் வந்திருக்கிறது. சுற்றும் தட்டில் அதை நிறுத்திப் பிடித்தால் கோட்டுக்குள் இருக்கும் தூசியும் வெளியே வந்துவிடும். வெல்வெட்டை நான் தூக்கிப்போடவில்லை, அதற்கும் வேலை இருக்கிறது. முள்ளைத் துடைக்கக் குட்டி பிரஷ், முள்ளை லேசாகத் தொட்டு எடுக்க ஒரு டப்பியில் பசை மாதிரி ஒன்று. தட்டு நெளிந்திருந்தால் நடுவில் வைத்து அழுத்தும் பித்தளைக் குண்டு.

முள்ளின் பாரத்தை நிறுக்க நகைக்கடைத் தராசு போல ஒரு சின்னத் தராசு வந்தது. இரண்டு கிராமுக்குள் இருக்க வேண்டுமாம், ஒரு மூக்குத்தி எடை. நீங்கள் முள் துள்ளாமல் இருக்கப் பெட்டியின் கைமேல் ஒரு பத்துப் பைசாவை ஒட்டி வைத்திருந்தீர்களே? அண்ணி, அது தப்பாம். பாரம் கூடினால் முள் தட்டை உழுதுவிடுமாம். காசை எடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள், உங்கள் ஞாபகமாக நோட்டின் அட்டைக்குள் அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.

ரயில் அதிர்ச்சிக்கு மட்டும் நான் எதுவும் வாங்கவில்லை. அடுப்படி மேடை போட்டபோது மிஞ்சிய கடப்பைக் கல்லைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து, கல்லுக்கு அடியில் பழைய ஸ்கூட்டர் டியூபை மடித்து வைத்தேன். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன். இப்போது எக்ஸ்பிரஸ் போனாலும் முள் அசைவதில்லை. இது மட்டும் நம் காலத்தில் தெரிந்திருந்தால், எத்தனை ஞாயிற்றுக்கிழமை காத்திருக்காமல் கேட்டிருக்கலாம்!

ஆனால் காத்திருந்ததும் நன்றாகத்தான் இருந்தது, இல்லையா?

கழுவும் தொட்டியும் வந்தது. இட்லிப்பானை அகலம். இரண்டு பக்கமும் பிரஷ் வைத்த ஒரு சந்து, அதில் தட்டை நிறுத்திக் கையால் சுற்ற வேண்டும். நடுவில் உள்ள காகிதம் நனையாது. நம் போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் பூத்துவிடும் என்பதால், இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீர் இரண்டு கேன் வாங்கினேன்.

அப்பாவின் தட்டில் எடுத்ததும் கை வைக்கப் பயம். பழகிக்கொள்ளலாம் என்று வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் ஐந்தாறு தட்டுகள் சாக்கின்மேல் கிடந்தன.

"இன்னாக்கா, கேக்கறதுக்கா, செவுத்துல மாட்டறதுக்கா? இப்பல்லாம் ஓட்டல்காரங்கதான் வாங்கினு போறாங்க, கடியாரம் பண்றதுக்கு."

"கழுவறதுக்குப்பா."

"கழுவறதுக்கா?" அவர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். "அக்கா தட்ட வாங்கிகினு போயி கழுவப் போவுதாம்பா! பாத்துக்கா, சாயம் போயிடப் போவுது. அப்பால எங்கையில வந்து பேஜார் பண்ணக் கூடாது."

அந்தத் தட்டுகளைக் கழுவிக் கழுவிப் பழகினேன். பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் தட்டுகளை வரிசையாக நிறுத்திக் காய வைத்தேன். எது எந்த அளவு கரகரத்தது, எத்தனை சுற்றில் சரியானது என்று உங்கள் நோட்டிலேயே எழுதி வந்தேன். கடைசியில் ஒன்று பளிச்சென்று பாடியது. அன்றைக்குத்தான் தைரியம் வந்தது.

உங்கள் தம்பி பாங்குக்குப் போன நேரம் பார்த்து முருகன் தட்டை எடுத்தேன். வேண்டிக்கொண்டு தொட்டிக்குள் நிறுத்தினேன். பத்துச் சுற்று இந்தப் பக்கம், பத்துச் சுற்று அந்தப் பக்கம். எடுத்து வெள்ளைத் துணியில் ஒற்றினேன். துணியில் மஞ்சளாக வந்தது. மறுபடி சுற்றினேன், மறுபடி வந்தது. நாற்பது வருஷம் அங்கேயே இருந்திருக்கிறது அண்ணி, நான் வைத்த இடத்திலேயே.

பாங்கில் சிஸ்டம் வேலை செய்யவில்லை என்று அவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். காபி கேட்டுக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்தார்.

"இன்னா இது, தண்ணி மஞ்சளா கீது?"

அவர் துணியை எடுத்து விரித்தார். விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "சந்தனமாட்டம் கீது. இதோ பாரு, செவப்பு. குங்குமம்." தட்டின் நடுக் காகிதத்தைப் பார்த்து எந்தத் தட்டு என்று தெரிந்துகொண்டார். "இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

"நான்தாங்க."

"எப்போ?"

"கல்யாணம் ஆன வருஷம். ஆயுத பூஜைக்கு."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ பஜ்ஜி?"

"பஜ்ஜி இல்லீங்க."

"நான் முள்ள பொத்துனு வுட்டேனே?"

"அதுவும் இல்ல. அதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு. நான் நகத்தால சுரண்டினேன்."

"அன்னிலேந்து நான் பஜ்ஜியே துன்றதில்ல. தெரியுமா ஒனக்கு?"

தெரியாது அண்ணி. எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாது என்று அவர் சொன்னதை அப்படியே நம்பி, மழைக்காலத்தில் எனக்கும் கவிதாவுக்கும் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் முன்னாலேயே உட்கார்ந்து தின்றிருக்கிறோம்.

சட்டையைக் கூடக் கழற்றாமல் வெளியே போனார். சாப்பாட்டுக்கு வரவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியபடியே கேட்டார். "அக்காவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லியிருக்கலாமே அம்சா. ஒரே வார்த்த. ஆஸ்பத்திரில எங்கைய புடிச்சிகினு இன்னா சொல்லுச்சி தெரியுமா? 'பொட்டிய அம்சாவே வச்சிக்கட்டும்டா, நீ தொடாத'ன்னுச்சி. சிரிச்சிகினேதான் சொல்லுச்சி. ஆனா அதான்டி எங்கிட்ட கடைசியா பேசனது."

நான் அவர் காலில் விழப் போனேன். தள்ளி நின்றுகொண்டார். "எங்கிட்ட அழுது இன்னா ஆவப்போவுது? அதுகிட்ட சொல்லு" என்றார். பதினோரு நாள் என்னோடு அவர் பேசவில்லை. தட்டில் சோறு வைத்தால் சாப்பிடுவார், தண்ணீர் வைத்தால் குடிப்பார். அந்தக் காலத்தில் நீங்கள் பேசாமல் இருந்த நாலு மாதமும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பதினோரு நாளில் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

திதி அன்று ஐயர் வந்து காரியம் முடித்துவிட்டுப் போனார். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, இலை போடுவதற்கு முன்னால் நான் கூடத்துக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன். உங்களுக்கு எழுதியதைத்தான் சொன்னேன், சந்தனம், குங்குமம், நகம், பஜ்ஜி எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. உங்கள் சின்னம்மா மட்டும் மெல்ல, "அட பாவி, புள்ளைய இத்தன வருசமா நாமளும் சேந்து இல்ல கலாச்சிகினு இருந்தோம்" என்றார். அன்றைக்கு வர முடியாத சொந்தம் எத்தனையோ. அவர்களுக்காகத்தான் இந்த அச்சு.

கரி பிரஷை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நான் தொட மாட்டேன். அக்கா சொல்லிகீது."

"அண்ணி சொன்னது என் தப்புக்குங்க. அது உங்களுக்கு இல்ல."

பிரஷை வாங்கிப் பெட்டிமேல் வைத்தார். பிறகு கொல்லைக் குழாய்க்குப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பி வந்து, விளிம்பில் மட்டும் உள்ளங்கை படத் தட்டை எடுத்தார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை அண்ணி, ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து நாற்பது வருஷம் பார்த்த ஞாபகம். முள்ளைச் சத்தமில்லாமல் இறக்கினார்.

பாடியது. அந்தக் கரகரப்பெல்லாம் போய், உங்கள் அப்பா கேட்ட மாதிரியே பாடியது என்று நினைக்கிறேன். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்றாவது பாட்டில் குதித்தது. ஒரே அடி, மறுபடி அதே அடி. சந்தனம் கரைந்துவிட்டது, நகம் போட்ட கீறல் கரையாது இல்லையா? அவர் தோள் சட்டென்று குறுகியது, பழைய பழக்கத்தில். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அது நானுங்க" என்றேன்.

"ஆமா, நீதான்" என்றார். முள்ளை எடுத்து, கீறலைத் தாண்டி மெதுவாக வைத்தார். பாட்டு மேலே போயிற்று.

அண்ணி, நீங்கள் எனக்குக் கொடுத்த பெட்டியை நான் அவரிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் பேச்சை மீறிய கோபம் இருந்தால் அது என்னோடு இருக்கட்டும். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவார், நான் தட்டைக் கழுவிக் காய வைத்துக் கொடுப்பேன், நோட்டில் கோடு போடுவேன். இந்தத் தட்டு இந்த வீட்டில் எப்போது சுற்றினாலும், அந்த இடத்தில் அது குதிக்கும்போது, கூடத்தில் யார் இருந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அது யார் கை என்று நான் வாய்விட்டுச் சொல்வேன். என் மூச்சு உள்ளவரைக்கும் சொல்வேன்.

உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடும்,
உங்கள் தம்பி பெண்டாட்டி
அம்சவேணி